கிளான்ஸ்: படிக்காததைக் கணக்கு வைக்காத ஒரு முகப்புப் பக்கம்

பிரவுசரைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது நான் கேட்ட விஷயமாக இருக்க வேண்டும். என்னை அங்கேயே பிடித்து வைப்பதற்காக வேறு யாரோ அடுக்கித் தந்ததாக இருக்கக் கூடாது. இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம், தொழில் அப்படி. டெல்டா பக்கம் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். பருவ இதழ் வந்தால் அதன் பொருளடக்கத்தை நகலெடுத்து அந்தந்தத் துறைக்கு அனுப்பி வைப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. யாருக்கு எது வேண்டும் என்று தெரிந்து, வந்த அன்றே தெரியப்படுத்துவது. இணையத்தில் அதே வேலையை ஓடைகள் (ஆங்கிலத்தில் ஃபீட்) செய்கின்றன. ஆர்எஸ்எஸ், ஆட்டம் என்று சொல்வார்களே, அவைதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு தளம் புதிதாக எதை வெளியிட்டாலும் அதன் தலைப்பு, சுட்டி, தேதி, சுருக்கம் ஆகியவற்றை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்புக்கு ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியை ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிட்டால் அது போய்ப் பார்த்துப் புதியதை எடுத்து வந்துவிடும். கணக்கு திறக்க வேண்டாம், மின்னஞ்சல் தர வேண்டாம், நாம் பின்தொடர்கிறோம் என்பது அந்தத் தளத்துக்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

இந்த ஏற்பாடு பிறந்ததே முகப்புப் பக்கத்துக்காகத்தான். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் 'மை நெட்ஸ்கேப்' பக்கத்தில் வெளித் தளங்களின் தலைப்புகளை வாசகர்களே தேர்ந்து வைத்துக்கொள்ள இந்தக் கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய இருவர் ராமநாதன் குஹாவும் டான் லிபியும். குஹா சென்னை ஐஐடியில் படித்தவர். 2004இல் வந்த தமிழ்மணம் வலைப்பதிவுகளைத் திரட்டியதும் ஓடைகளை வைத்துத்தான். அந்தக் காலத்தில் வலைப்பதிவு படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பிறகு பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. ஓடைகளைப் படிக்க கூகுள் வைத்திருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. 2005இல் தொடங்கிய அதன் முகப்புப் பக்கச் சேவை ஐகூகுள், 2013 நவம்பரில். ஃபயர்பாக்ஸ் 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்போடு ஓடைகளைக் காட்டும் வசதியை எடுத்துவிட்டது. ஆக, ஓடையே போய்விட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகவில்லை. பாட்காஸ்ட் என்று காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறோமே, அதன் அடியில் இருப்பது ஆர்எஸ்எஸ்தான். வேர்ட்பிரஸ்ஸில் நடக்கும் தளம் எதுவானாலும், தளத்துக்காரர் வேண்டுமென்றே நிறுத்தி வைக்காத வரை, ஓடை உண்டு. பிளாக்கரிலும் அப்படியே. பார்க்கும் கதவுகளை மூடினார்களே தவிர தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கிறது.

நான் பயன்படுத்தும் கதவு கிளான்ஸ். 2024இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள். 'கோ' என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. மொத்தமே 20 எம்பிக்குள் அடங்கும் ஒரே கோப்பு. இது யாருடைய சர்வரிலோ இருக்கும் சேவை கிடையாது. நம் கணினியில் நாமே ஓட்ட வேண்டும். எங்கள் நூலகத்தில் அட்டவணைத் தேடலுக்கு வைத்திருந்து, மெதுவாகிவிட்டது என்று ஓரங்கட்டிய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு அதில் ஓட்டுகிறேன். அந்தக் கணினிக்கு இது ஒரு சுமையே இல்லை. கல்லூரி வைஃபையில் இருக்கும் எந்தக் கணினியிலும் போனிலும் அந்த முகவரியைத் தட்டினால் பக்கம் வந்துவிடும்.

அமைப்பது எப்படி என்றால், எல்லாமே ஒரே ஒரு உரைக்கோப்பில். யாமல் என்ற வடிவம். பக்கத்தில் நாளிதழ் மாதிரி எத்தனை பத்திகள், எந்தப் பத்தியில் எந்தப் பெட்டி, அந்தப் பெட்டியில் எந்த ஓடை என்று வரிவரியாக எழுத வேண்டும். எந்த வரி எதற்குள் அடங்கியது என்பதை உள்தள்ளல்தான் தீர்மானிக்கும். அதை ஸ்பேஸ் பாரால் மட்டும்தான் தள்ள வேண்டும், டேப் விசை ஆகாது. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு முதல் பார்வையில் மிரட்சியாக இருக்கலாம். ஆனால் நூல்பட்டி தயாரித்தவர்களுக்கு இது புதிதல்ல: எந்தப் புள்ளி எங்கே, எந்த வரி எவ்வளவு உள்ளே என்பதற்கெல்லாம் விதி வைத்து எழுதிய ஆட்கள் நாங்கள். கோப்பைச் சேமித்தவுடன் கிளான்ஸ் மாற்றத்தை எடுத்துக்கொள்கிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் புதிய பெட்டி வந்து நிற்கும்.

இந்த ஒரே கோப்பு விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என் வாசிப்பு முழுவதும் ஒரு பக்க அளவுள்ள உரையாக என் கையில் இருக்கிறது. பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயும் அதே பக்கத்தை எழுப்பலாம். நாளைக்குக் கிளான்ஸ் நின்றுபோனாலும் ஓடை முகவரிகள் அந்தக் கோப்பில் அப்படியே இருக்கும், வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐகூகுள் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன ஆறுதல் இல்லை.

என் பக்கம் மூன்று பத்தி. இடப்பக்கம் ஒல்லியான பத்தியில் நாட்காட்டி, வானிலை, அடிக்கடி போகும் தளங்களின் சுட்டிகள். வானிலைக்கு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் போதும். ஓப்பன் மீட்டியோ என்ற இலவசச் சேவையிலிருந்து எடுக்கிறது. நாள் முழுவதையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பட்டைகளாக்கி, மழை வாய்ப்புள்ள பட்டையில் தூறல் போட்டுக் காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பெட்டியைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். மற்றபடி அந்தப் பத்தியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

விஷயம் நடுப்பத்தியிலும் வலப்பத்தியிலும்தான். ஓடைகளை ஒரு பக்கத்தில் வைப்பவர்கள் எல்லோரும் ஒரு சங்கடத்தைச் சந்திப்பார்கள். செய்தித்தளம் ஒன்று நாள் முழுவதும் நிமிடத்துக்கு நிமிடம் போட்டுக்கொண்டே இருக்கும். கல்வெட்டுகளைப் பற்றி எழுதும் ஒருவர் மாதம் ஒரு கட்டுரைதான் எழுதுவார். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு நேர வரிசைப்படி அடுக்கினால் கல்வெட்டுக்காரர் காலையில் வந்து மதியத்துக்குள் அடியில் போய்விடுவார். அவர் எழுதியதே தெரியாமல் போகும். நமக்கு யார் எழுத்து அதிகம் வேண்டுமோ அவரைத்தான் முதலில் இழக்கிறோம்.

கிளான்ஸில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை பதிவு காட்ட வேண்டும், எத்தனைக்குப் பிறகு மடித்து வைக்க வேண்டும் என்று இரண்டு எண் கொடுக்கலாம். ஒரே பெட்டிக்குள் உள்ள தனித்தனி ஓடைக்கும் உச்சவரம்பு வைக்கலாம். நான் வேகமான ஓடைகளையும் மெதுவான ஓடைகளையும் முழுக்கப் பிரித்துவிட்டேன். நடுப்பத்தியின் மேலே செய்தி: பிபிசி தமிழ், தி இந்து நாளிதழின் தமிழ்நாடு பகுதி. இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. ஐந்து தலைப்போடு மடித்துவிடும். பிபிசி தமிழின் ஓடையில் தலைப்போடு ஒரு வரிச் சுருக்கமும் வருவதால் பல செய்திகளுக்கு அந்த வரியே போதுமானதாக இருக்கிறது. வலப்பத்தி முழுக்க மெதுவானவர்களுக்கு. அங்கே மூன்று வாரத்துக்கு முன் எழுதியது மேலே நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். அது அங்கேயே இருப்பதால்தான் ஒரு மத்தியானம் ஓய்வாக இருக்கும்போது திறந்து படிக்கிறேன்.

அந்த வலப்பத்தியில் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தின் ஓடை இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் தமிழ் மின்னூல்களை வெளியிடுபவர்கள். நூலகருக்கு இது புத்தக வரவுப் பதிவேடு மாதிரி: புதிய நூல் வந்தால் தலைப்பு வந்து நிற்கும், உரிமம் சிக்கலில்லாததால் இறக்கி மாணவர்களுக்குத் தயக்கமில்லாமல் கொடுக்கலாம். அதற்குக் கீழே தமிழ் விக்கிப்பீடியா. பலருக்குத் தெரியாத வசதி ஒன்று: விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் தனியாக ஓர் ஆட்டம் ஓடை உண்டு. எங்கள் ஊர், எங்கள் பக்கத்துக் கோயில்கள் பற்றிய சில கட்டுரைகளின் வரலாற்றை அப்படிப் பின்தொடர்கிறேன். யாராவது ஒரு நூற்றாண்டை மாற்றி எழுதினால், ஆதாரம் இல்லாமல் ஒரு பத்தியைச் சேர்த்தால், எனக்கு அன்றே தெரிந்துவிடும். என்ன நீக்கினார்கள், என்ன சேர்த்தார்கள் என்பதும் அந்த ஓடைக்குள்ளேயே வருகிறது. கிளான்ஸ் அதை முழுதாகக் காட்டாது, தொகுத்தவர் பெயரையும் குறிப்பையும்தான் காட்டும்; சொடுக்கினால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பேராசிரியர்களுக்கென்று இரண்டாவது பக்கம் ஒன்று வைத்திருக்கிறேன். கிளான்ஸில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம், மேலே தலைப்புகளாக நிற்கும். மருத்துவ, உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் எதைத் தேடினாலும் தேடல் பெட்டிக்குக் கீழேயே ஆர்எஸ்எஸ் உருவாக்கும் பொத்தான் இருக்கிறது. விலங்கியல் துறையில் ஒரு சார் நன்னீர் மீன்களைப் பற்றி ஆய்வு செய்கிறார். அவர் வழக்கமாகத் தேடும் சொற்களை அப்படியே போட்டு ஓடையாக்கி அந்தப் பக்கத்தில் வைத்தேன். அதுவரை அவர் மறுபடி மறுபடி அதே சொற்களைத் தட்டித் தேடிப் பார்த்தவைதானா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். இப்போது டீ குடிக்க வரும்போது நூலகத்தில் நின்று ஒரு பார்வை பார்க்கிறார். கணினித் துறைக்கு, ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கத் தரும் ஆர்க்கைவ் தளத்தின் கணிமொழியியல் பிரிவு. அது வார நாட்களில் நிரம்பி வழியும். சனி, ஞாயிறு புதிய அறிவிப்பு இல்லாததால் ஓடை காலியாக இருக்கும். முதல் வாரக்கடைசியில் பெட்டி காலியாக இருக்கிறதே என்று கேட்டார்கள். அது கோளாறு இல்லை.

யூடியூப் பற்றியும் சொல்ல வேண்டும். யூடியூப் சானல் ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஓடை இருக்கிறது, கடைசி 15 வீடியோக்கள் வரை வரும். கிளான்ஸில் இதற்கென்று தனிப் பெட்டியே உண்டு. சானலின் அடையாள எண்ணைக் கொடுக்க வேண்டும், யூசி என்று தொடங்கும் நீளமான எழுத்துக்கோவை அது. ஷார்ட்ஸ் எனப்படும் குட்டி வீடியோக்களை நாம் கேட்டால் ஒழிய கிளான்ஸ் காட்டாது. வரலாறு, அறிவியல் சொற்பொழிவுகளைப் போடும் சில சானல்களை மாணவர்களுக்காக வைத்திருக்கிறேன். சொற்பொழிவைப் பார்க்கப் போய் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகும் பக்கவாட்டுப் பரிந்துரைகள் இங்கே கிடையாது. வீடியோவைச் சொடுக்கினால் யூடியூபுக்குத்தான் போகும், அங்கே அதெல்லாம் உண்டு. ஆனால் எதைப் பார்ப்பது என்ற தேர்வு நம் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி இந்தப் பக்கத்தை போனில் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். பக்கம் நின்றுவிட்டது. "மேடம், இதுக்கு மேல வராதா?" என்று கேட்டாள். "அவ்வளவுதான்மா, இன்னைக்கு வந்தது இவ்வளவுதான்" என்றேன். இன்னொரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு போனை வைத்தாள். கிளான்ஸ் எனக்கு ஏன் முக்கியம் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான். இந்தப் பக்கத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்றை நிறையப் பேர் குறை என்பார்கள். எனக்கு அதுதான் பெரிய நிறை. எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று கிளான்ஸ் கணக்கு வைப்பதில்லை. ஃபீட்லி, இனோரீடர், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் மாதிரியான ஓடை வாசிப்பான்கள் எல்லாம் படிக்காதது இத்தனை என்று எண் காட்டும். கூகுள் ரீடரும் அப்படித்தான். ஆயிரத்தைத் தாண்டினால் ஆயிரத்துக்கு மேல் என்று தடித்த எழுத்தில் நிற்கும். அந்த எண் வாசிப்பைக் கடனாக்கிவிடுகிறது. நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் படிக்க உட்காரும் மனதே இருக்காது, எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டு நகரத்தான் கை போகும். நூலகத்தில் புதிய வரவு அலமாரி வைக்கிறோம். வாசகர் வந்து பார்க்கிறார், வேண்டியதை எடுக்கிறார், மற்றதை விட்டுவிட்டுப் போகிறார். நீங்கள் எடுக்காத புத்தகம் இத்தனை என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் நூலகத்துக்குச் சொன்னார். ஒரு முகப்புப் பக்கத்துக்கும் அதையே நான் எதிர்பார்க்கிறேன். கிளான்ஸ் அதில் தேறுகிறது.

அதே காரணத்தால், ஒரு வரிகூட விடாமல் பார்த்தாக வேண்டியவர்களுக்கு இது சரிப்படாது. டெண்டர் அறிவிப்பு, ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை மாதிரி எதையும் தவறவிடக் கூடாதவர்கள் படித்தது, படிக்காதது பார்க்கும் வாசிப்பானையே வைத்துக்கொள்வது நல்லது. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளுக்குள்ளேயே ஓடைகளைச் சேர்க்கலாம், மின்னஞ்சல் மாதிரியே வந்து விழும். அவர்களுக்கு அது பொருத்தம்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கிளான்ஸோடு வரும் எழுத்துரு ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ. அதில் தமிழ் இல்லை. ஆகவே கணினியில் என்ன தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதை பிரவுசர் எடுத்துக்கொள்ளும். சில கணினிகளில் அது மெலிந்து, ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டாமல் தெரிகிறது; மேற்சுழியும் கீழ்க்கொம்பும் அடுத்த வரியைத் தொடுகிற மாதிரி நெருங்கிவிடுகின்றன. தமிழ்த் தலைப்புகள் வேறு நீளமானவை. தலைப்பை ஒரே வரியில் காட்டும் வசதியைப் போட்டால் வினைச்சொல் வருவதற்குள் மூன்று புள்ளி வந்துவிடும். நம் மொழியில் வினை கடைசியில் வருவதால், யார் என்பது தெரியும், என்ன செய்தார் என்பது தெரியாது. ஆகவே அந்த வசதியைத் தொடாதீர்கள். எழுத்துருவுக்கு வழி இருக்கிறது: பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு ஒன்றை நாமே எழுதி இணைக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டு, வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கணினித் துறை மாணவர் ஒருவர் உட்கார்ந்து செய்து தந்தார், சில வரிகள்தான். அதற்குப் பிறகு வயதான பேராசிரியர்களும் கண்ணாடியை ஏற்றி இறக்காமல் படிக்கிறார்கள். ஆனால் பெட்டித் தலைப்புகளை நாம் தமிழில் எழுதிக்கொள்ள முடிந்தாலும் மற்றபடி இடைமுகம் ஆங்கிலம்தான். நேரத்தையும் ஆங்கில எழுத்தைச் சேர்த்துச் சுருக்கித்தான் காட்டும்.

இன்னும் சில விஷயங்கள். கிளான்ஸ் பின்னணியில் சும்மா இருக்கும். யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் ஓடைகளைப் போய் எடுத்து வரும். எடுத்ததை நாம் சொன்ன நேரம்வரை சேமித்து வைத்திருக்கும். காலையில் முதல் ஆள் திறக்கும்போது கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், பிறகு வருபவர்களுக்கு உடனே வரும். திறந்தபடியே விட்டுவைத்தால் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. கவுண்டர் பக்கத்துத் திரையில் நாள் முழுவதும் ஓடவிட நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

ஓடை முகவரியைக் கண்டுபிடிப்பதுதான் புதியவர்களுக்குச் சிரமம். வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேருங்கள். பிளாக்கர் என்றால் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்று மூன்று சொற்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாய்கோடு. தமிழில் எழுதும் வலைப்பதிவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில்தான் இருக்கிறார்கள், ஆகவே பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். மற்ற தளங்களில் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து ஆர்எஸ்எஸ் என்று தேடினால், இருந்தால் தெரிந்துவிடும். பல அரசுத் தளங்களில் ஓடை இல்லை என்பது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம். சுற்றறிக்கையை பிடிஎஃப்ஆகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். வந்ததா என்று கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் நாள்தோறும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓடை கொடுப்பதற்குப் பணமும் பெரிதாக ஆகாது, ஆளும் பெரிதாக வேண்டாம். அந்தத் தளங்களை நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து செய்யுங்கள்.

சொந்தமாக மென்பொருளை ஓட்டும் வசதி இல்லாதவர்கள் புரோட்டோபேஜ் பக்கம் போகலாம். 2005 முதல் இருக்கிறது, பிரவுசரிலேயே பெட்டிகளை இழுத்து இழுத்து அடுக்கலாம். ஸ்டார்ட்.மீயும் அப்படித்தான். ஆனால் அவை வேறொருவர் வீட்டுத் திண்ணை. மூடும்போது நமக்கு அறிவிப்பு வரும், அவ்வளவுதான். வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்து, உரைக்கோப்பைப் பார்த்துப் பயப்படாதவராக இருந்தால் கிளான்ஸையே போடுங்கள். முதல் நாளே நாற்பது ஓடைகளைச் சேர்க்காதீர்கள். மெதுவாக எழுதுபவர்கள் நாலைந்து பேரை மட்டும் வைத்து ஒரு பெட்டி போதும். செய்தியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.